மஞ்சள் எப்படிச் சிவப்பைவிட மங்கலானது?

மொரீஷியஸ் கொடியில் மேலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு பட்டைகள். வண்ணப் படத்தைக் கருப்பு-வெள்ளையாக்கும் கணக்கு எங்கே இடறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது.

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கருப்பு-வெள்ளையில் மிஞ்சுவது ஒரே எண்: 0 கருப்பு, 255 வெள்ளை. மூன்றை எப்படி ஒன்றாக்குவது?

கொடியின் சிவப்பை 234, 40, 57 என்றும் மஞ்சளை 255, 213, 0 என்றும் வைத்துக்கொள்வோம். ஃபோட்டோஷாப்பில் நிறத்தை நீக்கும் 'டீசாச்சுரேட்' கட்டளை மூன்றில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. சிவப்புக்கு 137, மஞ்சளுக்குச் சுமார் 128. அதாவது மஞ்சள் சிவப்பைவிட மங்கல்! கண் உள்ள யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

காரணம், நம் கண் மூன்று நிறங்களையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் பச்சைதான் அதிகம் உறைக்கும், நீலம் ரொம்பக் குறைவு. வண்ண ஒளிபரப்பு பழைய கருப்பு-வெள்ளைப் பெட்டிகளிலும் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, 1953இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தரம் இதைக் கணக்கில் சேர்த்தது: சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11. பல மென்பொருள்களில் இன்றும் இதே விகிதம்தான், தசமப் புள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் மாறும், அவ்வளவே. இப்படிக் கணக்கிட்டால் மஞ்சள் 200ஐத் தாண்டிவிடும். சரி, பிரச்சினை தீர்ந்ததா? கொடியின் பச்சையை (0, 165, 81) போட்டுப் பாருங்கள்: சுமார் 106. சிவப்போ 100. இரண்டு பட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்.

தைப்பூசத்தன்று எடுக்கும் படங்களில் இதே தொல்லை. அடர் ரோஜா நிற உடை, பின்னால் காவடியின் பச்சை இலைகள். கருப்பு-வெள்ளையில் ஆளும் காவடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் படத் திருத்த மென்பொருளில் உள்ள சேனல் மிக்சர் என்ற வசதி கைகொடுக்கிறது. சேனல் என்பது மூன்று நிறங்களில் ஒன்றின் எண்கள் மட்டும். விகிதத்தை நாமே வைக்கலாம். சிவப்பைக் கூட்டினால் உடை வெளுக்கும், இலை கறுக்கும், பின்னால் தெரியும் நீல வானமும் கறுக்கும். பழைய ஃபிலிம்காரர்கள் லென்ஸில் சிவப்புக் கண்ணாடி மாட்டியது இதற்காகத்தான்.

ஆனால் முகத்தைக் கவனியுங்கள். சிவப்புச் சேனலில் நம் மாநிறம் வெளுத்துப்போகும், நெற்றிக் குங்குமம் தோலோடு கலந்து காணாமலே போகும். பச்சைச் சேனலில் அதே குங்குமம் கரும்பொட்டாக நிற்கும். நீலத்தில் தோல் கறுத்து, விபூதிக் கோடுகள் பளீரென்று எழும்பும். முகம் முக்கியமென்றால் நான் பச்சையைத்தான் தூக்கலாக வைப்பேன். ஆளை வெளுப்பாக்கிக் காட்டும் படம் எனக்குப் பிடிக்காது.

நீலச் சேனலை மட்டும் ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். ஒளியை உணரும் பெரும்பாலான கேமரா சென்சார்களில் நீலப் புள்ளிகளின் எண்ணிக்கை பச்சைப் புள்ளிகளின் எண்ணிக்கையில் பாதிதான், விளக்கொளியில் நீலம் அதிலும் குறைவு. ஏற்ற ஏற்ற மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழும். சுருக்கிச் சேமித்த ஜேபெக் கோப்பில் இது இன்னும் மோசம், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இருந்தால் அதிலிருந்தே மாற்றுங்கள்.