எது வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை

போன மழைக்காலத்தில் ஒரு பெண் என் கிளினிக்குக்கு வந்தார். வயது 26. தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம், வீட்டிலேயே இட்லி அவித்துக் கொடுக்கும் குடும்பம். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்தால்தான் விடிவதற்குள் பாத்திரங்கள் தெருவுக்குப் போகும். நாள் தள்ளிப்போனதும் கணவர் மெடிக்கலில் சீட்டு எதுவும் இல்லாமல் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். அதைப் போட்டுப் பன்னிரண்டு நாளாகியும் உதிரம் நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 7 இருந்தது. அந்த நிலையிலும் முந்தின நாள்வரை கிரைண்டர் முன்னால் நின்றிருக்கிறார்.

"இது எத்தனாவது தடவைம்மா?" என்று கேட்டேன். "மூணாவது, டாக்டரம்மா" என்றார்.

(அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரண்டாவது பிரசவத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே குழந்தை பிறந்த கையோடு கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பிரசவ வலியில் இருக்கும்போது ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன் என்றார். மும்பைக்குத் திரும்பிய பிறகு மாதவிடாய் வழக்கத்தைவிடப் பெருக்கெடுத்தது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நான்கே மாதத்தில் எங்கோ காசு கொடுத்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. "ஆபரேஷன் பண்ணிரு, எல்லாம் சரியாயிரும்" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் பயம். வேறு வழி இருக்கிறதா என்பதே தெரியாது.

காப்பர்-டி நல்ல சாதனம். 380ஏ வகை பத்து வருடம் வேலை செய்யும், எடுத்த உடனே கருத்தரிக்கலாம். ஆனால் முதல் சில மாதங்கள் உதிரப்போக்கைக் கூட்டும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அதை முன்கூட்டிச் சொல்லவேண்டும், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கவேண்டும், ஆறாவது வாரம் வரச்சொல்லிப் பார்க்கவேண்டும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியென்றால் இந்த எச்சரிக்கையைப் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சொல்லியாகவேண்டும்.

மும்பைத் தமிழ்ப் பெண்களுக்கு இதில் தனியாக ஒரு கஷ்டம் உண்டு. பிரசவம் ஊரில், வாழ்க்கை இங்கே. அங்கே கொடுத்த அட்டை அங்கேயே நின்றுவிடும். இங்கே மாநகராட்சி ஹெல்த் போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் தொண்டர் மராத்தியிலும் இந்தியிலும் பேசுவார். காய்கறி வாங்கப் போதுமான இந்தி நம் பெண்களிடம் இருக்கிறது. கர்ப்பப்பையைப் பற்றிப் பேச அது போதாது. அதிலும் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால் பேச்சே வராது.

அந்தப் பெண்ணுக்கு அரசாங்கம் இலவசமாகவே என்னென்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஆணுறை, காப்பர்-டி போக, தினமும் போடும் மாலா-என் மாத்திரை இருக்கிறது. அட்டைக்கு 28, அதில் 21 ஹார்மோன், நிறம் வேறான கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. அது தெரியாமல் "கலர் மாத்திரை சூடு" என்று அந்த ஏழையும் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. அப்புறம் அடுத்த அட்டையை எந்த நாளில் தொடங்குவது என்று குழம்பிவிடும். இந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அதனால் தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களும், கண்ணில் மின்னல் அடித்துவிட்டு ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும் இதைத் தொடக் கூடாது.

சாயா என்ற மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அதில் ஹார்மோனே கிடையாது. லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன் என்ற மருந்துதான் அது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கிறவர்களும் போடலாம். மாதவிடாய் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும், உதிரம் குறையும். ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பொருத்தம்! அந்தப் பெண்ணிடம் சாயாவைப் பற்றிச் சொன்னபோது முதன்முறையாகக் கேட்கிறேன் என்றார்.

அந்தரா என்ற கருத்தடை ஊசி 2017இல் அரசுத் திட்டத்துக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. வீட்டில் அட்டையை ஒளித்துவைக்கவேண்டிய பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் உதிரப்போக்கு ஒழுங்கு தவறும், திட்டுத்திட்டாகப் படும், நாளடைவில் மாதவிடாய் நின்றேபோகலாம். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுச்சு" என்று பயந்து ஓடிவருவார்கள். எதுவும் தங்கவில்லை, உட்சவ்வு மெலிந்துவிட்டதால் வெளியேற ஒன்றும் இல்லை என்று முதல் ஊசிக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தப் பயம் வராது. நிறுத்திய பிறகு கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. இத்தனையையும் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் அந்தப் பத்து நிமிடம் கிடையாது. நானும் பயிற்சிக் காலத்தில் அப்படிப்பட்ட வரிசையில் வேலை பார்த்தவள். இரண்டு நிமிடத்தில் பேசி அனுப்பியிருக்கிறேன். அதை நினைத்து இன்றும் வருத்தம் உண்டு.

பொருள் இலவசம், பேச்சுக்கு நேரம் இல்லை. நம் கொள்கையின் பெரிய ஓட்டை இது என்றுதான் நான் நினைக்கிறேன். இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1952இல் உலகிலேயே முதலாவதாக அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாடு நம்முடையது. ஆரம்பத்திலிருந்தே அதன் கண் மக்கள்தொகைக் கணக்கில் இருந்தது, பெண்ணின் உடம்பில் இல்லை. நெருக்கடிநிலைக் காலத்தில் அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்று நமக்குத் தெரியும். 1976–77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைசிகிச்சைகள் நடந்தன, பெரும்பகுதி ஆண்களுக்கு. மூன்று குழந்தைகளுக்குப் பிறகு கட்டாயக் கருத்தடை என்று மகாராஷ்டிரச் சட்டமன்றமே மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்காமல் அது நின்றது.

அந்தக் கொடுமைக்குப் பிறகு அரசு ஆண்கள் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. பாரம் முழுவதும் பெண்மேல் இறங்கிவிட்டது. 2019–21 கணக்கெடுப்பில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு 0.3. மாத்திரை 5, காப்பர்-டி 2 என்ற அளவில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களின் ஒரே முறை ஆபரேஷன்தான். ஆணுக்குச் செய்யும் தழும்பில்லாச் சிகிச்சை சில நிமிட வேலை, வயிற்றைத் திறக்கவேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். மூன்று மாதம்வரை ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதிசெய்தால் முடிந்தது. ஆண்மை போய்விடும் என்பது பொய். இதை நான் சொன்னால் பெண்கள் சிரித்துவிட்டு, "அவருக்கு எதுக்கு டாக்டரம்மா, உழைக்கிற உடம்பு" என்பார்கள். இரண்டு மணிக்கு எழுந்து மாவு அரைக்கிற உடம்பு என்ன உடம்பு?

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தவேண்டும் என்றும், எண்ணிக்கை இலக்கு வைத்துப் பெண்களைத் துரத்தக் கூடாது என்றும் சொன்னது. என்னோடு வேலை பார்க்கும் இளம் டாக்டர்களை அந்தத் தீர்ப்பைப் படிக்கச் சொல்வேன்.

காப்பீட்டைப் பற்றியும் கொஞ்சம். அமெரிக்காவில் 2010 சுகாதாரச் சட்டத்தின்கீழ், மருத்துவக் காப்பீட்டில் கருத்தடை முறைகள் தனிக் கட்டணம் இல்லாமல் அடங்கவேண்டும் என்றார்கள். மத நம்பிக்கையைக் காட்டி ஒரு கைவினைப் பொருள் கடை நிறுவனம் வழக்குப் போட்டு, 2014இல் அங்கே உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அந்தச் சண்டையைப் பற்றி அந்தேரியிலும் பவாயிலும் வேலை பார்க்கும் பெண்கள் என்னிடம் பேசுவார்கள். அவர்கள் கையில் இருக்கும் பாலிசியை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். பெரும்பாலான பாலிசிகளில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளின் பட்டியலில், 17ஆவது விலக்கில் "எந்த வகைக் கருத்தடையும்" என்று இருக்கும். மகப்பேற்றைப் பற்றிய 18ஆவதில் சட்டப்படியான கருக்கலைப்பும் சேர்ந்திருக்கும். இங்கே யாரும் வழக்குப் போடவில்லை, மத அமைப்புகள் எதிர்க்கவும் இல்லை. சத்தமே இல்லாமல் விலக்கிவைத்திருக்கிறார்கள். பித்தப்பைக் கல்லுக்குக் காசு கிடைக்கும். மாதாமாதம் படுக்கையில் விழவைக்கும் உதிரப்போக்குக்குக் கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் வளையம் வைத்தால், அது கருத்தடைச் சாதனம் என்று கோப்பு திரும்பி வரும். அதை நோய்க்கான சிகிச்சை என்று விளக்கி நானே கடிதங்கள் எழுதியிருக்கிறேன்.

வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தெரியாத இன்னொன்று: மகப்பேறு பயன் விதிகள் பொருந்துகிற இடத்தில், கருத்தடை ஆபரேஷனுக்கு இரண்டு வாரமும், கருச்சிதைவுக்கோ சட்டப்படியான கருக்கலைப்புக்கோ ஆறு வாரமும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இட்லி அவிக்கிறவருக்கு அதுவும் கிடையாது.

கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1971 சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். குறிப்பிட்ட சூழல்களில் 24 வாரம்வரை இரண்டு டாக்டர்கள். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை, கணவரின் கையெழுத்து வேண்டாம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதில் திருமணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு கூடாது என்றது. ஆனாலும் "ஹஸ்பண்ட் எங்கே?" என்று கவுன்ட்டரில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பெண்கள் மெடிக்கலுக்குப் போகிறார்கள். அவசரத்துக்கு, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடும் மாத்திரையைச் சீட்டு இல்லாமலே வாங்கலாம், அது கருவைக் கலைக்காது. இதையும் கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் விபரீதங்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையான கருவள விகிதம், 2019–21 கணக்கெடுப்பிலேயே நாட்டில் 2.0க்கு வந்துவிட்டது. தொகுதி மறுவரையறையில் தென் மாநிலங்கள் இடங்களை இழக்கலாம் என்ற கவலையில், சீக்கிரம் பிள்ளை பெறுங்கள் என்று 2025இல் திருமண மேடையில் தமிழக முதல்வர் பேசினார். ஆந்திரத்தில், இரண்டு குழந்தைக்கு மேல் உள்ளவர் போட்டியிடக் கூடாது என்ற விதியை உள்ளாட்சித் தேர்தல் சட்டத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். தொகுதிக் கவலை நியாயமானது, எனக்கும் உண்டு. அதற்கான பதிலை நாடாளுமன்றத்தில் தேடவேண்டும். நேற்று "இரண்டோடு நிறுத்து", நாளை "இன்னொன்று பெறு" என்றால், ஹெல்த் போஸ்டில் சாயா அட்டை தீர்ந்துபோனாலும் கேட்க ஆள் இருக்கமாட்டார்கள் என்பதுதான் என் பயம்.

1921இல் இதே பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வே கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். கணிதப் பேராசிரியர். இந்தப் பிரச்சாரத்தால் கல்லூரி வேலையையே இழந்தார். நூறு ஆண்டுக்கு முன்னால் அவர் பேச நினைத்த பேச்சைத்தான் நான் இன்னமும் திரைக்குப் பின்னால், குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண் குணமாக ஐந்து வாரம் ஆனது. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினோம். மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, எல்லா முறைகளையும் மேசையில் பரப்பி, தமிழில் சொன்னேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். ஊசி போட்டால் பால் வற்றுமா, எடை கூடுமா, நடுவில் ஊருக்குப் போனால் அங்கே போடுவார்களா என்று கேட்டார். பால் வற்றாது, எடை கொஞ்சம் கூடலாம், ஊசி அட்டையைக் காட்டினால் எந்த அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு வாரத்துக்கு ஒண்ணு போடுற மாத்திரை போதும்" என்றார். முதல் மூன்று மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் என்று நாள் குறித்தோம். ஞாயிறு மாவு கம்மி, மறக்காது என்றார்.