மீன் வாடை வந்ததும் மூச்சு என்ன செய்கிறது?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கம் நின்றுவிட்டு அப்படியே மீன் விற்கும் பக்கம் திரும்பினால், ‘நாறுது’ என்று நினைப்பதற்குள்ளேயே மூச்சு பாதியில் நின்றுவிடும். யாரும் யோசித்து நிறுத்துவதில்லை. வாசனை நல்லதா கெட்டதா என்று மூளை தானே பார்த்து அடுத்த இழுப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

இதைத்தான் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2015-இல் குழந்தைகளிடம் அளந்து பார்த்தார்கள். ஆட்டிசம் (பழகுவதிலும் புலன்களிலும் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலை) உள்ளவர்கள் 18 பேர், இல்லாதவர்கள் 18 பேர், சராசரி வயது 7. குழந்தை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்க, மூக்கருகே இரண்டு மெல்லிய குழாய்கள். ஒன்று வாசனையைக் கொண்டுவரும், மற்றது மூச்சிழுப்பை அளக்கும். ரோஜா, ஷாம்பு, புளித்த பால், அழுகிய மீன் என்று மாறி மாறி வரும். 10 நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகள் சுமார் 0.3 நொடியில் மூச்சை மாற்றிக்கொண்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோ ரோஜாவுக்கும் அழுகிய மீனுக்கும் ஒரே மாதிரி இழுத்தார்கள்.

அப்படியென்றால் அவர்களுக்கு வாசனையே தெரியவில்லையா? அப்படிச் சொல்ல முடியாது. மூக்கின் உச்சியில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை இருக்கின்றன, அங்கிருந்து செய்தி மூளையின் அடியில் உள்ள முகர்குமிழுக்குப் போய், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேரடியாகவே போய்விடும். பார்வையும் ஒலியும் மூளையின் நடுவில் செய்திகளைப் பிரித்தனுப்பும் தலாமஸ் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும், வாசனைக்கு அந்தச் சுற்று கட்டாயமில்லை. மிக லேசான வாசனையைப் பிடிக்கும் சோதனைகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பல ஆய்வுகளில் மற்றவர்களுக்குச் சமமாகவே வருகிறார்கள். ‘இது என்ன வாசனை, சொல்லு’ என்று கேட்கும்போதுதான் சிலர் பின்தங்குகிறார்கள். அந்தச் சோதனையிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இதற்குப் பரவலாகப் பயன்படும், மூக்கருகே நீட்டி மோந்து பார்க்க வைக்கும் ஜெர்மன் வாசனைப் பேனாக்களில் டர்பென்டைனும் அதிமதுரமும் வரும். புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பிள்ளை அதற்குப் பெயர் சொல்லவில்லை என்றால் மூக்கைக் குறை சொல்லலாமா? பெயர் சொல்ல மூக்கு மட்டும் போதாது, சொல்லும் ஞாபகமும் வேண்டும்.

சரி, மூச்சை மாற்றாத அதே பிள்ளை மீன் குழம்பு கொதிக்கும்போது ஏன் வீட்டை விட்டே ஓடுகிறான்? நான் இப்படி யோசிக்கிறேன்: கெட்ட வாடை வந்ததும் நாம் இழுப்பைக் குறைத்துக்கொள்கிறோம், அவனுக்கு முழு இழுப்பும் உள்ளே போகிறது. இது என் ஊகம்தான். இதோடு, நமக்குச் சில நிமிடத்தில் வாடை பழகி மறைந்துவிடும், சிலருக்கு அது எளிதில் மறைவதில்லை. வேறு சிலர் நேர்மாறாக, கையில் கிடைத்த பொருளையெல்லாம் மோந்து பார்ப்பார்கள். புலன்களின் இந்த மிகை, குறை இரண்டையும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது.

சாப்பாட்டு அடமும் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்கிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. சூடான சாம்பாரிலிருந்து வாசனை மூலக்கூறுகள் நிறையவே பறக்கும், ஆறிய தயிர்ச்சோற்றில் குறைவு. சூடாகப் போட்டால் தட்டைத் தள்ளுகிற பிள்ளை ஆறியதைச் சாப்பிடுகிறது என்றால் அதில் ஆச்சரியமில்லை.

பதின்பருவத்தில் இன்னொரு சிக்கல். அப்போதுதான் அக்குளில் தனி வகை வியர்வைச் சுரப்பிகள் வேலையைத் தொடங்கும், கடலோரப் புழுக்கம் வேறு. தன் வியர்வை நெடி தனக்குத் தெரியாது, அது எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் லேசாக முகம் சுளிப்பதை வைத்து நாம் புரிந்துகொள்வோமே, அந்தக் குறிப்பைப் பிடிப்பதுதான் ஆட்டிசம் உள்ள பலருக்குக் கஷ்டம். டியோடரன்ட் வாங்கிக் கொடுத்தால் அந்த நெடியே தாங்காது. வாசனையில்லாத சோப்பும், குளிக்க இன்ன நேரம் என்ற நேரடிப் பேச்சும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், அந்த 2015 ஆய்வில் மூச்சை மட்டும் வைத்தே, ஆட்டிசம் உள்ள பிள்ளையா இல்லாத பிள்ளையா என்று 81% சரியாக இனம் பிரித்தார்கள். அதை வைத்து ‘மோப்பம் பிடித்தே ஆட்டிசம் கண்டுபிடிக்கலாம்’ என்று வாட்ஸப்பில் ஃபார்வர்ட் வந்தால் நம்பிவிடாதீர்கள். 36 பிள்ளைகளில் ஐந்தில் ஒருவரைத் தவறாகப் பிரித்த சோதனை அது, குழந்தையை நேரில் பார்த்துப் பேசிப் பழகிக் கண்டறிகிற முறைக்கு மாற்றாக இன்னும் வந்துவிடவில்லை.