பின் ஆக்சில் ரேஷியோ: எண்ணைச் சொல்லும் முன் கணக்கைப் போடுங்கள்

பின் ஆக்சிலைப் பிரித்துக் கிரவுன் பினியன் (இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி) மாற்றுவது என் தொழில். இன்ஜினை மாற்றியமைத்த காரோடு வருபவர்களில் பலர் "4.10 போட்டுக் கொடுங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். ஏன் 4.10 என்று கேட்டால், நண்பரின் கார் அதில் பறக்கிறது என்பார்கள். அந்தக் காரில் என்ன டயர், என்ன கியர்பாக்ஸ்? அது தெரியாது. பார்த்துப் பார்த்துச் செலவு செய்த காரை இந்த ஓர் எண் கெடுத்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73, 10-ஆல் வகுத்தால் 4.10. எண் கூடினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை கூடும். 3.08-இலிருந்து 4.10-க்குப் போனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பிக்கப்பில் அது உடனே தெரிவதால் எல்லோரும் மயங்கிவிடுகிறார்கள்.

வினை நெடுஞ்சாலையில்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் உருளும் டயர் என்று வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 833 முறை சுற்றும். டாப் கியர் 1:1 என்றால், 3.08-இல் இன்ஜின் சுமார் 2,570 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடும், 4.10-இல் 3,420. அதே 4.10-க்கு 0.70 ஓவர்டிரைவ் (இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் மேல் கியர்) உள்ள கியர்பாக்ஸ் கிடைத்தால் 2,390 போதும், ஓவர்டிரைவ் இல்லாத 3.08-ஐ விடவும் குறைவு. நண்பரின் கார் நிம்மதியாக ஓடும் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

டயரை முதலில் முடிவு செய்யுங்கள். சுற்றளவு 5 சதவீதம் கூடினாலே 4.10 போட்ட கார் 3.90 போட்டது மாதிரி ஓடும். அப்புறம் முதல் கியரின் ரேஷியோவை ஆக்சில் ரேஷியோவால் பெருக்கிப் பாருங்கள். சாலையில் ஓட்டும் காருக்கு 10-ஐ ஒட்டி வந்தால் எனக்குத் திருப்தி. 2.66 முதல் கியருக்கு 3.73 போட்டால் 9.9 வரும். முதல் கியர் 3.35 ஆக இருந்து 4.10 போட்டால் 13.7; கிளம்பிய உடனே அந்தக் கியர் தீர்ந்துபோகும்.

டர்போ கார்களில் இன்னும் கவனம் வேண்டும். டர்போவுக்குச் சுமை தேவை. ஆர்பிஎம் சட்டென்று ஏறிவிட்டால் பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கட்ட நேரமே இருக்காது. டர்போ கார் வைத்திருந்த ஒருவர் 4.10-தான் வேண்டும் என்று நின்றார், போட்டுக் கொடுத்தேன். முதல் இரண்டு கியரிலும் டயர் வழுக்கியதுதான் மிச்சம். சில மாதத்தில் 3.55-க்கு இறங்கினோம், அப்புறம்தான் கார் பிடிப்போடு கிளம்பியது. முதல் நாளே நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். டர்போ இல்லாமல் பெரிய கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட இன்ஜின் இதற்கு நேர்மாறு. அதன் சக்தி முழுவதும் மேல் ஆர்பிஎம்மில் இருப்பதால் அங்கே பெரிய எண் நியாயம்.

ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் கார் என்றால் அதையும் திருத்த வேண்டும். 3.08-க்குப் பதில் 4.10 போட்டுவிட்டு அதை அப்படியே விட்டால், 75-இல் போகும்போது 100 என்று காட்டும்.

எண் சரியாக இருந்தும் பொருத்துவதில் கோட்டை விட்டவர்கள் உண்டு. கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசிச் சேர்க்கப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையே விடும் சிறு இடைவெளி, பல செட்டுகளில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும்; செட்டோடு வரும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும். பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவித் தடம் பார்க்காமல் மூடிய ஆக்சில் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். சரி, எல்லாம் ஒழுங்காகப் பொருத்தியாகிவிட்டது என்றாலும் முதல் நாளே முழுசாக மிதிக்க வேண்டாம். 20, 25 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டி, ஆக்சில் முழுவதும் ஆறும்வரை நிறுத்துங்கள். இப்படிச் சில முறை செய்யுங்கள். சுமார் 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும் முன் அதிகச் சூடு கண்டால் மேற்பரப்பு கெட்டுவிடும், அப்புறம் எந்த ஷிம்மாலும் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) அந்தச் சத்தத்தை அடக்க முடியாது.