பின்னட்டை இல்லாத படங்கள்

சென்ற மாதம் காரைக்குடிக்கு அருகே ஒரு வீட்டின் இரண்டாம் கட்டில், சுவரில் ஒட்டப்பட்டிருந்த 63 பழைய ஒளிப்படங்களைக் கழற்றித் தரும்படி, பழைய படங்களைப் பாதுகாத்துத் தரும் தொழில் செய்யும் என்னை அழைத்திருந்தார்கள். நினைவும் மறதியும் என்ற பொருளில் நடந்த கலைக் கண்காட்சி ஒன்றுக்காக, அவற்றைச் சட்டங்களிலிருந்து உருவி, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையால் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இழுத்தால் முகம் கையோடு வந்துவிடும். சட்டத்துக்குள் படத்தின் பின்னால் இருந்த அட்டைகள், அதாவது பின்னட்டைகள், எங்கே என்று கேட்டேன். பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று என்றார்கள். தப்பிய நான்கு அட்டைகளுள் ஒன்றில் பென்சிலால் ‘பெகு கடை, அடுத்தாள், 1938’ என்று எழுதியிருந்தது. பெகு என்பது பர்மாவில் உள்ள ஊர், கடை என்றால் வட்டிக்கடை. அந்த அட்டை எந்தப் படத்துக்கு உரியது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த ஆண்டில் எனக்கு இது மூன்றாவது வீடு.

“ஆளே போயிட்டாக, பேரு எதுக்குத் தம்பி? படந்தான் செவத்துல இருக்குல்ல” என்றார் வீட்டு ஆச்சி. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், கலை படித்துவிட்டு வந்து படங்களைக் கேட்டு வாங்கிய பிள்ளைகளும் இதையே செந்தமிழில் சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பழையதாக இருந்தாலே அது நினைவு என்று நம்புகிறார்கள். அப்படியன்று. மேற்சொன்ன அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிய, வாங்கிய கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கடன் கொடுத்த செட்டியார் கடைகளின் பேருக்கு மாறின. 1938 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலர் கால்நடையாகவே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஆக, 1938இல் பெகு கடையில் மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்த ஒருவரின் முகம், இங்கே தேக்குத் தூண்கள் எப்படி வந்தன என்பதற்கும், அங்கே யார் நிலத்தை இழந்தார்கள் என்பதற்கும் சேர்த்தே சாட்சி. அட்டையைப் பிரித்துவிட்டால் அவர் மீசை வைத்த ஒரு மனிதர், அவ்வளவுதான். உணவகச் சுவரிலும் மாட்டலாம்.

‘பெயரில்லாமல் இருப்பதுதானே மறதி’ என்று அந்தக் கலைஞர்களில் ஒருவர் என்னிடம் வாதிட்டார். பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி, வியன்னாவின் யூதப் பள்ளி ஒன்றில் 1931இல் எடுத்த வகுப்புப் படத்திலிருந்து முகங்களைப் பெரிதாக்கி, கண்கள் கருங்குழிகளாகும் அளவுக்கு மங்கவைத்து, விளக்கொளியில் நிறுத்தினார். முகங்கள்தான் மங்கின, அது எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்பது அவருக்குத் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும், அதனால்தான் அந்த மங்கல் நெஞ்சை அடைக்கிறது. ஜெர்மனியின் குந்தர் டெம்னிக், நாஜிகளால் கொண்டுசெல்லப்பட்டவர்கள் கடைசியாகத் தாமே தேர்ந்து வாழ்ந்த வீடுகளின் வாசலில், பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு போர்த்திய கற்களைப் பதிக்கிறார். பெயர், பிறந்த ஆண்டு, நேர்ந்த முடிவு ஆகியவற்றைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துச் சனாதனன், போரில் வீடிழந்த, தமிழ் பேசும் மக்களைத் தத்தம் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்தே வரையச் சொல்லி, 2011இல் அவற்றை ஒரு தோம்பாக, அதாவது நிலப்பதிவேட்டின் வடிவில், நூலாக்கினார். வீடே இல்லாத இடத்தில் அவர்கள் பதிவேடு எழுதுகிறார்கள். வீடுகள் வளவும் பட்டாலையுமாக அப்படியே நிற்கும் ஊரில் நாம் பதிவேட்டைக் கிழித்து ஒட்டுகிறோம்.

கலைஞர்களே, மூலத்தைத் தொடாதீர்கள். நல்ல நகல் எடுத்து அதைக் கிழியுங்கள், எரியுங்கள், நான் வந்து கைதட்டுகிறேன். வீட்டுக்காரர்கள், சட்டத்தைப் பிரிக்கும் முன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். எண்ணை மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா நாளடைவில் முன்பக்கம் வரை ஊறிவிடும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடே எடுத்து வையுங்கள். லாமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். அதைப் பிரித்தெடுக்க என்னிடம் வழியில்லை. படச்சுருள் பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் மற்றவற்றிலிருந்து தனியே வைத்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள் (இந்தத் தொழிலில் பாதி மூக்குதான்). பேரேடுகளைக் கட்டுப் பிரிக்காமல், இருந்த வரிசையிலேயே வையுங்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு விற்கத்தான் போகிறீர்கள் என்றாலும் இதையெல்லாம் செய்துவிட்டு விற்றுத் தொலையுங்கள்.

இன்னொன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த அட்டையை நான் படித்துக் காட்டியதும் ஆச்சி சுவருக்கு முன் போய் நின்று, அடுத்தாள் இவர்தான் என்று ஒரு முகத்தைக் காட்டினார், சற்றுப் பொறுத்து வேறொன்றை, புறப்படும் நேரத்தில் மூன்றாவதை. உங்கள் வீட்டில் ஆயாவோ ஐயாவோ இருந்தால், சட்டங்கள் சுவரில் இருக்கும்போதே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேளுங்கள்.