லைக் ஏன் செல்லாக்காசு ஆனது?

“டேட்டிங் செயலியில் எனக்கு வந்து குவியும் லைக்குகளைப் பார்த்து முடிக்கவே நேரமில்லை. என் நண்பனோ அதே செயலியில் ஒரு வருடமாக ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறான். கடைசியில் இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது. வெள்ளத்தில் நிற்பவளுக்கும் வறட்சியில் நிற்பவனுக்கும் ஒரே அலுப்பு எப்படி வரும்?” ஒரு வாசகி இப்படிக் கேட்டிருந்தார்.

அலுத்தவர்கள் இந்த இருவர் மட்டுமல்ல. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் எடுத்த கணக்கின்படி, 2023 மே முதல் 2024 மே வரை அந்த ஒரு நாட்டிலேயே டிண்டர் என்ற டேட்டிங் செயலியை விட்டுப் போனவர்கள் சுமார் 5,94,000 பேர். பம்பிள் என்ற இன்னொரு செயலிக்கு இழப்பு 3,68,000.

இதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் உளவியலாளர் ஸ்கின்னர் சோதனையில் வைத்த புறா. எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாவிட்டால், புறா ஓயாமல் கொத்தும். நாமும் அப்படியே ஸ்வைப் செய்கிறோம் என்பார்கள். சரிதான். ஆனால், செயலியை ஏன் கீழே வைக்க முடியவில்லை என்பதற்குத்தான் அது பதில். ஏன் கசந்துபோகிறது என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் கேரத் டைசனும் சகாக்களும் 2016இல் ஒரு வேலை செய்தார்கள். டிண்டரில் சில போலிக் கணக்குகளைத் தொடங்கி, கண்ணில் பட்ட எல்லோருக்கும் லைக் போட வைத்தார்கள். பெண் கணக்குகள் போட்ட லைக்குகளில் ஏறத்தாழ 10% மேட்ச் ஆயின, அதாவது எதிர்ப்பக்கமும் லைக் போட்டது. ஆண் கணக்குகளுக்கு 0.6%. ஆயிரம் லைக் போட்டால் ஆறு!

இனி இந்தச் சுழலைப் பாருங்கள். ஆயிரத்துக்கு ஆறுதான் என்று அனுபவத்தில் கண்டுகொண்ட ஆண் என்ன செய்வான்? முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் எல்லோருக்கும் லைக் போடுவான். மேட்ச் ஆனபிறகு யாரென்று பார்த்துக்கொள்ளலாம். பெண்ணின் பக்கம் வெள்ளம் ஏறும். தனக்கு எளிதில் மேட்ச் கிடைப்பதைக் கண்ட அவள் இன்னும் கறாராகத் தேர்ந்தெடுப்பாள். அவன் கணக்கில் ஆறு ஐந்தாகும். அவன் இன்னும் வேகமாக விரலை ஓட்டுவான். இதில் யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை, யாரும் கெட்டவரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் நிலையில் புத்திசாலித்தனமாகத்தான் நடக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து இருவரையும் பள்ளத்தில் இறக்குகிறது. இந்தச் சுழல் எனக்கு ரொம்பப் பிடித்தமானது, அதில் நான் இல்லாதவரை. அதே ஆய்வில் ஆண்கள் அனுப்பிய செய்திகளின் இடைநிலை நீளம் வெறும் 12 எழுத்து. ‘ஹலோ, எப்படி இருக்க’ என்பதோடு சரக்கு தீர்ந்தது!

(மனிதர்கள் துணை தேடும் விதம் பற்றி இதுவரை சேர்ந்ததிலேயே மிகப் பெரிய தரவுக் குவியல் இந்த நிறுவனங்களிடம்தான் இருக்கும். ஆராய்ச்சியாளர்களோ போலிக் கணக்கு தொடங்கி எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது. பொதுப்பணம் இந்த மாதிரி ஆய்வுக்குத் தாராளமாகப் போக வேண்டும் என்பது என் கட்சி.)

ஆக, நோய் லைக்கில் இருக்கிறது. அதைப் போட எதுவும் செலவாவதில்லை. செலவில்லாத சைகையை யாரும் நம்புவதில்லை. இது ஈக்களுக்கே தெரியும். நடன ஈ என்றொரு வகை உண்டு. ஆண் ஈ இரையைப் பிடித்து, பட்டு நூலால் சுற்றிப் பெண்ணுக்குச் சீர் கொண்டுபோகும். சில இனங்களில் ஆண் தந்திரக்காரன்: உள்ளே ஒன்றுமே இல்லாத பட்டுப்பந்தை நீட்டுவான். ஆனால் அந்த வெற்றுப்பந்துக்குக்கூட அவன் தன் முன்னங்கால் சுரப்பிகளிலிருந்து நூல் சுரந்தாக வேண்டும். லைக்குக்கு அவ்வளவுகூட வேண்டாம்.

செலவை வைத்தால் என்ன ஆகும்? சூஹ்யுங் லீ, முரியல் நீடர்லே என்ற இரு பொருளியலாளர்கள் கொரிய இணையப் பொருத்தச் சேவை ஒன்றில் சோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களுக்குக் குலுக்கல் முறையில் இரண்டோ எட்டோ மெய்நிகர் ரோஜாக்கள். சந்திக்க அழைக்கும்போது, விரும்பினால் ஒரு ரோஜாவைச் சேர்த்து அனுப்பலாம். காசு கிடையாது, ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ரோஜாவோடு போன அழைப்புகள் கணிசமாகக் கூடுதலாக ஏற்கப்பட்டன. கண்ணைப் பறித்ததால் அல்ல, அனுப்பியவர் உசத்தி என்று தோன்றியதாலும் அல்ல என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எண்ணி வைத்திருந்த சிலவற்றில் ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார் என்ற செய்திதான் வேலை செய்தது. ரோஜா இல்லாத அழைப்புகளுக்கு அதனால் நட்டமும் வரவில்லை. மொத்தச் சந்திப்புகளே கூடின.

செயலி நிறுவனங்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். டிண்டர் 2015இல் இலவச லைக்குகளுக்கு வரம்பு வைத்தது. வைத்த கையோடு, வரம்பில்லாத லைக்கைச் சந்தாவாக விற்றது. மருந்தைக் கண்டுபிடித்து, அதை முறிக்கும் பொருளையும் அதே கடையில் விற்கும் வியாபாரம் இது.

லைக் போகட்டும், செயலியே நமக்கேற்றவரைக் கணித்துச் சொல்லாதா? உளவியலாளர் சமந்தா ஜோயலின் குழு 2017இல் இதைச் சோதித்துப் பார்த்தது. நேரில் சந்திக்குமுன் ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் கேட்டு வாங்கி, இயந்திரக் கற்றலிடம் கொடுத்தார்கள். பொதுவாக யார் பலரையும் கவர்வார், யாருக்குப் பலரையும் பிடிக்கும் என்பது ஓரளவு தெரிந்தது. இவருக்கு இவரைக் குறிப்பாகப் பிடிக்குமா என்பதில் இயந்திரம் கை விரித்துவிட்டது. ‘92% பொருத்தம்’ என்று திரையில் ஒளிர்வதை நான் ராசிபலன் பத்தியோடு சேர்த்துத்தான் படிக்கிறேன்.

வாசகியின் கேள்விக்குத் திரும்பினால், அவரிடம் குவிந்ததும் நண்பனுக்குக் கிடைக்காததும் ஒரே செல்லாக்காசு. ஆனால் கொரியச் சோதனையில் என்னை உறுத்திய விஷயம் வேறு. ரோஜா இலவசம், வைத்துக்கொண்டு ஒரு பயனும் இல்லை. அப்படியும் கணிசமானோர் தங்களுக்குக் கிடைத்ததை முழுதாகக் கொடுத்துத் தீர்க்கவில்லை.