பாட்டு வீடு வரை போக வேண்டும்: ஆராதனை நடத்துகிறவர்களும் சவுண்ட் பார்க்கிறவர்களும் கவனிக்க

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டியிடம், "பாட்டு எப்படிப் பாட்டி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "சத்தமாத்தான் இருந்துச்சுப்பா, வார்த்தைதான் ஒண்ணும் விளங்கல" என்பார். அதே ஆராதனையில் ஆண்கள் பக்கம் பாதிப்பேர் வாயைத் திறக்காமல் நின்றிருப்பார்கள். ஸ்பீக்கருக்கு நேரே உட்கார்ந்த தாய் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் பாட்டிலேயே வெளியே போயிருப்பார். இந்த மூன்றையும் வெவ்வேறு பிரச்சினைகளாகப் பார்க்கிறோம். பெரும்பாலும் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: மேடையில் இருப்பவர்களின் தொண்டைக்கும் காதுக்கும் ஏற்றபடி ஆராதனை அமைகிறது, கீழே நிற்கும் குடும்பத்துக்கு ஏற்றபடி அல்ல.

கொலோசெயர் 3:16-ஐ எடுத்துப் பாருங்கள். சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் போதிக்கச் சொல்கிறது. பக்கத்தில் நிற்பவரின் குரலே கேட்காத இடத்தில் அதை எப்படிச் செய்வது? ஒரு பாட்டு சபையில் நன்றாகப் போனதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அன்று இரவு குடும்ப ஜெபத்தில், கீபோர்டு இல்லாமல், மைக் இல்லாமல், அந்தப் பாட்டை ஒரு அம்மாவும் பிள்ளைகளும் பாட முடிகிறதா? முடியாவிட்டால் அது பாடகர் குழுவின் பாட்டு. சபையின் பாட்டாக இன்னும் ஆகவில்லை.

ஆண்கள் ஏன் பாடுவதில்லை

"ஆண்களுக்கு ஆராதனையில் வாஞ்சை இல்லை" என்று பிரசங்கத்தில் கடிந்துகொள்வதற்கு முன், பாட்டு எந்த ஸ்கேலில் போகிறது என்று பாருங்கள். பயிற்சி இல்லாத பெரும்பாலான ஆண்களுக்குக் கீபோர்டின் நடு சி-க்கு அடுத்த டி வரை தொண்டை இறுகாமல் போகும். பெண்களுக்கு அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள டி. இன்று பரவலாகப் பாடப்படும் புதிய பாடல்கள் பலவற்றை உயர்ந்த குரல் உள்ள ஆண்கள் பதிவு செய்கிறார்கள். பல்லவியின் உச்சம் நடு சி-க்கு மேலே ஜி, ஏ வரை போய்விடும். பெண்களுக்கு அது வசதியான நடுக்குரல், ஆகவே அவர்கள் சேர்ந்து பாடிவிடுகிறார்கள். சபையிலுள்ள ஆணுக்கோ கத்தினால்தான் வரும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் குரல் முனகலாகப் போகும். இரண்டும் சரிவராமல் அவர் நின்றுவிடுகிறார். இதற்கும் வாஞ்சைக்கும் சம்பந்தமில்லை.

ஸ்கேலின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜி மேஜரில் இறக்கமான பாட்டும் உண்டு, ஏறிய பாட்டும் உண்டு. பாட்டின் மிக உயர்ந்த சுரம் எது என்று கீபோர்டில் தேடுங்கள். அது டி-யைத் தாண்டினால் இறக்குங்கள். ஜி மேஜர் பாட்டில் உச்சம் ஈ என்றால், டிரான்ஸ்போஸில் (கீபோர்டில் ஸ்கேலை ஏற்றி இறக்கும் வசதி) மைனஸ் 2, அதாவது இரண்டு அரைக் கட்டை கீழே, வைத்தால் ஸ்கேல் எஃப் ஆகும், உச்சம் டி-யில் நிற்கும். பெரியவர்கள் "ஒரு கட்டை குறைச்சுக்கோ" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். காலை 7 மணி ஆராதனையில் தொண்டை இன்னும் திறந்திருக்காது. அதற்கு இன்னும் அரைக் கட்டை குறைத்தாலும் தவறில்லை. மேல் சுரத்துக்கும் கீழ் சுரத்துக்கும் இடையே ஒன்றரை ஸ்தாயி உள்ள பாட்டை எந்த ஸ்கேலில் வைத்தாலும் சபை பாடாது. அப்படிப்பட்ட பாட்டில் சரணத்தைப் பாடகர் பாடட்டும், பல்லவியைச் சபை பாடட்டும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பே இப்படிச் சொல்லிக்கொடுத்துப் பாடத் தோதானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தக் கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடியதில் அந்த அமைப்புக்கு நிச்சயம் பங்குண்டு.

டிரான்ஸ்போஸில் ஒரு ஆபத்து இருக்கிறது. முதல் பாட்டுக்கு வைத்த மைனஸ் 2-ஐ அழிக்க மறந்து கீபோர்டு அடுத்த பாட்டைத் தொடங்கும், கிட்டார் வேறு ஸ்கேலில் நிற்கும், சபை திகைத்து நிறுத்திவிடும். பாட்டுத் தாளில் ஸ்கேலுக்குப் பக்கத்திலேயே டிரான்ஸ்போஸ் எண்ணையும் எழுதுங்கள். பாட்டு முடிந்ததும் அதை 0-க்குக் கொண்டுவருவது வாசிப்பவரின் பழக்கமாகட்டும்.

திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பாட்டுக் கோப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். இதை ஆராதனை தொடங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறோம். எல்லாவற்றையும் ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை போகும். ஒரு ஸ்லைடுக்கு 4 வரி போதும். கடைசி வரியின் கடைசி வார்த்தை பாடப்படும்போதே அடுத்த ஸ்லைடு வந்துவிட வேண்டும்.

சத்தம் எங்கே ஏறுகிறது

மேடையில் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். டிரம்ஸ் அடிப்பவர் உற்சாகத்தில் ஓங்கி அடிக்கிறார். தன் வாசிப்பு தனக்கே கேட்காததால் பேஸ் கிட்டார்காரர் ஆம்ப்ளிஃபயரைத் திருப்புகிறார். "எனக்கு மானிட்டர்ல கேக்கல" என்கிறார் கீபோர்டுக்காரர். மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கென வைத்த அந்த ஸ்பீக்கர் ஏறியதும் மைக்கில் அது நுழைந்து ஊளையிடுகிறது. பாடுகிறவர் கத்துகிறார். கடைசியில் சவுண்ட் பார்க்கும் தம்பி மெயின் ஃபேடரை (மிக்சரில் மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு பட்டனை) ஏற்றுகிறார். மூன்றாம் பாட்டுக்குள் அரங்கம் ஆறேழு டெசிபல் கூடியிருக்கும், யாரும் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள். இதற்குப் பரிகாரம் கீழிருந்து தொடங்குவதுதான். டிரம்ஸ் குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டிய ராட்ஸ் கொடுங்கள், அல்லது ரிதம் பேடுக்கு மாறுங்கள். ஒருவர் "கேக்கல" என்றால் அவருடையதை ஏற்றுவதற்கு முன் மற்றவர்களுடையதைக் குறைத்துப் பாருங்கள்.

மிக்சரில் முதலில் கெயின், அதாவது மைக்கிலிருந்து வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற திருகு. பாடகர் உண்மையில் பாடும் உரத்த குரலில் பாடட்டும். சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் கெயினை வைத்து, ஃபேடரை 0 என்று குறித்த கோட்டில் நிறுத்துங்கள். சோதனையின்போது "ஹலோ, ஹலோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு ஆராதனையில் முழுக் குரலில் பாடினால் ஒலி கிழியும். பாடும் மைக் எல்லாவற்றுக்கும் 80 அல்லது 100 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள கனத்த ஒலியை வெட்டும் லோ கட் பட்டனை அழுத்துங்கள். மைக்கை உதட்டிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிப்பதை இளைஞர்கள் மேடைக் கச்சேரிகளில் பார்த்துப் பழகுகிறார்கள். அப்படி மூடினால், முன்னால் வரும் ஒலியை மட்டும் எடுக்கும் மைக் எல்லாப் பக்க ஒலியையும் எடுத்து ஊளையிடும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், ஊளையிடாமல் ஏற்றக்கூடிய சத்த அளவு 3 டெசிபல் குறைகிறது. 8 பேருக்கு 8 மைக் என்பதைவிட, துணைப்பாடகர்கள் இரண்டு பேருக்கு ஒரு மைக் நல்லது. பாடாத மைக்கை மியூட் செய்யுங்கள்.

ஸ்பீக்கரைத் தரையிலோ மேசையிலோ வைத்தால் முதல் வரிசையின் காதில் நேரே அடிக்கும், கடைசி வரிசைக்கு எட்டாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அரங்கத்துக்குள் எதிரொலியால் குறைவு இவ்வளவு இராது, ஆனாலும் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வித்தியாசம் பெரிதாகவே இருக்கும். ஸ்டாண்டில் தலைக்கு மேலே உயர்த்தி, சபையின் நடுப்பகுதியை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால் அந்த வித்தியாசம் சுருங்கும்.

தகரக் கூரை, டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் உள்ள கட்டடமென்றால் வார்த்தை விளங்காததற்குச் சத்தக் குறைவு காரணமே அல்ல. எதிரொலி அடுத்த எழுத்தின்மேல் விழுகிறது. சத்தத்தை ஏற்றினால் எதிரொலியும் சேர்ந்து ஏறும். முதியவர்களுக்கு இது இன்னும் கடினம். வயதாகும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். ச, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்தறிய உதவுவது அந்தப் பகுதிதான். பேஸைக் கூட்டினால் பாட்டிக்கு நெஞ்சில் அதிர்வு கூடும், வார்த்தை இன்னும் மங்கும். புதிய ஸ்பீக்கர் வாங்கும் பணத்தில் முதலில் பின்சுவருக்குக் கனமான திரை போடுங்கள், தரைக்கு ஜமுக்காளம் விரியுங்கள். காது கேட்கும் கருவி அணிந்தவரை மூலையில் உட்கார வைக்காமல், பேசுகிறவரின் முகம் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள்.

காதுக்குக் கணக்கு உண்டு

அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, ஒரு நாளில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு 15 நிமிடம். இது வேலை செய்யும் பெரியவர்களுக்கான கணக்கு. ஹெட்ஃபோன் போன்ற கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கென வைத்த அளவு இன்னும் கடுமையானது: வாரத்துக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். அதே கணக்கில் 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான்.

இப்போது ஆராதனைக் குழுவின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை பிராக்டிஸ், ஞாயிறு இரண்டு ஆராதனை. அம்மா பாடுகிறார், அப்பா வாசிக்கிறார், பிள்ளைகள் முதல் வரிசையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். சபையிலேயே அதிகச் சத்தத்தைக் கேட்பது ஊழியர்களின் பிள்ளைகள்தான். அவர்களை நடு வரிசையில் ஒரு அத்தையோடு உட்கார வைப்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. கைக்குழந்தைக்குக் காதுமூடி வாங்குங்கள். பஞ்சு வைப்பதால் பெரிய பயனில்லை.

அளப்பதற்கு ஐபோனில் நியோஷின் இலவசச் செயலி இருக்கிறது. மற்ற கைபேசிச் செயலிகள் தோராயமாகக் காட்டும். சபை நிறைந்திருக்கும்போது முன், நடு, பின் என மூன்று இடங்களில், ஏ வெயிட்டிங்கில் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ற அளவீடு) வைத்து, பாடல் நேரம் முழுவதற்குமான சராசரியைப் பாருங்கள். நடு வரிசையில் 85-ஐ ஒட்டி இருந்தாலே மேடை தெளிவாகக் கேட்கும், பக்கத்தில் நிற்பவரின் குரலும் கேட்கும். ஆராதனை முடிந்தபின் காதில் ரீங்காரமோ அடைப்போ இருந்தால் அது எச்சரிக்கை. அடுத்த நாளும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உட்காதில் அழிந்த நுண்மயிர்ச் செல்கள் திரும்ப வளர்வதில்லை.

"சத்தத்தைக் குறைத்தால் அபிஷேகம் குறைந்துவிடும்" என்ற பயம் பலருக்குள் இருக்கிறது, வெளியே சொல்லமாட்டார்கள். பேரோசையுள்ள கைத்தாளங்களைச் சங்கீதம் 150 சொல்கிறது, மறுக்கவில்லை. எலியாவுக்குக் காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்தபின் மெல்லிய சத்தம் வந்ததை 1 இராஜாக்கள் 19-ம் சொல்கிறது. கர்த்தருடைய பிரசன்னத்தை ஃபேடரில் அளக்க வேதம் எங்கும் சொல்லவில்லை. உடல் அதிர்வதால் வரும் சிலிர்ப்பை ஆவியானவரின் அசைவென்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால், அமைதியான வீட்டில் முழங்கால்படியிடும்போது அவர் அங்கே இல்லை என்று அவர்கள் நினைப்பார்கள். இது காதுகேளாமையைவிடப் பெரிய இழப்பு.

பிராக்டிஸும் வீடும்

சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று 1 தீமோத்தேயு 3:5 கேட்கிறது. சனிக்கிழமை இரவு 10 மணி வரை பிராக்டிஸ் வைக்கும் குழுவுக்கு அந்தக் கேள்வி நேரடியாகப் பொருந்தும். 90 நிமிடம் போதும். பாட்டுப் பட்டியலும் ஸ்கேலும் வியாழன் இரவுக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும். முதல் 20 நிமிடம் கருவியில்லாமல் குரல் மட்டும். அங்கே தடுமாறும் பாட்டு ஞாயிற்றுக்கிழமையும் தடுமாறும். பிறகு தொடக்கம், முடிவு, ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும் இடம் ஆகியவற்றை மட்டும் ஒத்திகை பாருங்கள். குழுவிலுள்ள ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது மேடை ஏறாமல் மனைவி, கணவன், பிள்ளைகளோடு உட்காரட்டும். ஆள் குறைந்தால் குறையட்டும். கீபோர்டும் இரண்டு குரலும் இருந்தால் ஆராதனை நடக்கும்.

புதிய பாட்டு மாதத்துக்கு ஒன்று. அதையே தொடர்ந்து மூன்று ஞாயிறு பாடுங்கள். கடைசிச் சரணத்தில் கருவிகளை நிறுத்திச் சபையைத் தனியே பாட விடுங்கள். பாட்டு அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

சென்னையிலுள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபையின் வழக்கில் 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒவ்வொரு சபைக் கமிட்டியும் அறிந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலில் 50, இரவில் 40. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்கத்துக்குள் அங்கிருப்பவர்களுக்காக மட்டும் பயன்படுத்துவது தவிர, அதற்குத் தடை. பண்டிகைகளுக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை விலக்கு தரலாம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை 12 மணியைத் தாண்டும் என்பதால் அந்த விலக்கை மட்டும் நம்பக் கூடாது. வெளிப் பந்தலில் ஸ்பீக்கர் கட்டாதீர்கள். ஜன்னல்களை மூடி, உள் ஸ்பீக்கர்களை மட்டும் வைத்து, பேஸைக் குறையுங்கள். சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் பேஸ்தான். காவல் நிலையத்துக்கான கடிதத்தை டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ உண்டா என்று கமிட்டியில் ஒருவர் நேரில் போய்க் கேட்டு, சவுண்ட் பார்க்கும் தம்பியின் கைபேசி எண்ணை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வரட்டும்.