மனித மாண்பு

கருக்கலைப்பு, வாடகைத் தாய், கருக்களை வைத்துச் செய்யும் ஆய்வு, கருணைக்கொலை என்று மருத்துவ அறத்தில் எந்த விவாதத்தை எடுத்தாலும் 'ஹியூமன் டிக்னிட்டி' என்ற தொடர் வந்து நிற்கும். தமிழில் இதை மனித கண்ணியம், கௌரவம், மதிப்பு, மாண்பு என்று ஆளுக்கு ஒன்றாக எழுதுகிறோம். எதை எழுதினால் என்ன என்று விட்டுவிட முடியாது. விவாதமே இந்தச் சொல்லின் பொருளைப் பற்றியதுதான்.

வேர்ச்சொல் இலத்தீனின் 'டிக்னுஸ்'. தகுந்த என்று பொருள். அதிலிருந்து வந்த 'டிக்னிடாஸ்' ரோமில் பதவியாலும் குடிப்பெருமையாலும் பொதுவாழ்வாலும் கிடைக்கும் மதிப்பைக் குறித்தது. செனட்டருக்கு அது உண்டு, அடிமைக்கு இல்லை. கி.மு. 49இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்கு ஜூலியஸ் சீசர் சொன்ன காரணங்களில் ஒன்று, தன் டிக்னிடாஸுக்கு இழுக்கு வந்தது என்பது. விலங்கிலிருந்து வேறுபட்ட மனித இயல்புக்கே ஒரு டிக்னிடாஸ் உண்டு என்று ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ எழுதினார். மனிதர் கடவுளின் சாயல் என்ற கிறித்தவ நம்பிக்கை அதை எல்லோருக்கும் உரியதாக்கியது. 1785இல் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் ஒரு கோடு கிழித்தார்: ஒன்றுக்கு விலை இருந்தால் அதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், ஈடே இல்லாததற்கு இருப்பது மாண்பு.

சட்டத்துக்குள் இந்தச் சொல் வலுவாக நுழைந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின். நாஜி ஜெர்மனி, 'வாழத் தகுதியற்ற உயிர்' என்று முத்திரை குத்தி, ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் மருத்துவர்களின் கையாலேயே கொன்றது. டி4 என்ற அந்தத் திட்டத்தில் 1941 ஆகஸ்டுக்குள் மட்டும் 70,000 பேருக்கு மேல் மாண்டனர். அதன் பிறகுதான் 1948இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் வந்தது. 1949இல் ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே, மனித மாண்பு மீற முடியாதது என்று எழுதிக்கொண்டது.

உயிரியல் அறவியலில் மரபுவாதிகள் பிடித்து நிற்பது இந்த இடத்தைத்தான். 2001இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அமைத்த உயிரியல் அறவியல் குழுவின் தலைவர் லியோன் காஸ், மனிதப் படியாக்கத்தை (குளோனிங்) இந்தக் கோணத்திலிருந்தே எதிர்த்தார். கரு, கோமாவில் கிடப்பவர், மறதிநோய் முற்றிய முதியவர் யாராக இருந்தாலும் மனிதராக இருப்பதாலேயே மாண்பு உண்டு. அறிவோ பயனோ குறைந்தால் அது குறையாது என்பது இவர்களின் வாதம். 2003இல் ரூத் மேக்லின் என்ற அறவியலாளர் மாண்பு பயனற்ற கருத்து என்றே எழுதினார். ஒருவரின் சுயமுடிவை மதித்தாலே போதும், இன்னொரு சொல் எதற்கு என்று கேட்டார். எனக்கு அது போதவில்லை. தனக்கென முடிவெடுக்கவே முடியாத கைக்குழந்தையை எதை வைத்துக் காப்பது?

எதிர்த்தரப்பும் இதே சொல்லைத்தான் உயர்த்திப் பிடிக்கிறது. மரணத்துக்கு மருத்துவர் உதவ வழிசெய்யும் சட்டத்துக்கு 1994இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநில வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். அதன் பெயர் 'மாண்புடன் மரணம்'. சுவிட்சர்லாந்தில் 1998இல் தொடங்கிய தற்சாவு உதவி அமைப்பின் பெயரே டிக்னிடாஸ். இதை உறுதியாக எதிர்க்கும் வத்திக்கான் 2024இல் வெளியிட்ட ஆவணத்தின் பெயர் 'டிக்னிடாஸ் இன்ஃபினிடா', அதாவது எல்லையற்ற மாண்பு. ஒரு தரப்புக்கு மாண்பு என்பது என் வாழ்வும் சாவும் என் கையில் இருப்பது. அடுத்த தரப்புக்கு, என் கையை விட்டு எல்லாம் போன பிறகும் என்னிடம் மிஞ்சுவது.

சரி, தமிழுக்கு வருவோம். கௌரவம் ஊரார் தருவது, ஊரார் பறிப்பது. 'கௌரவக் கொலை' என்று எழுதி, பிறகு 'ஆணவக் கொலை' என்று திருத்திக்கொண்டது நினைவிருக்கும். கண்ணியம் நடத்தையைச் சேர்ந்தது: கண்ணியமாகப் பேசு என்கிறோம், கண்ணியம் தவறினான் என்கிறோம். தவறக்கூடிய ஒன்றைக் கருவுக்கும் கோமா நோயாளிக்கும் எப்படிப் பொருத்துவது? ஐ.நா. பிரகடனத்தின் தமிழ் வடிவம் 'மதிப்பிலும் உரிமைகளிலும் சமமானவர்கள்' என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் மனைக்கும் நகைக்கும் போடுவதும் மதிப்புதான். காண்ட் பிரித்துவைத்த இரண்டும் அங்கே கலந்துவிடுகின்றன. இலத்தீன் வேருக்கு மிக நெருக்கமானது தகைமை. ஆனால் இலங்கையில் கல்வித் தகைமை என்றால் படித்துப் பெற்ற தகுதி.

எஞ்சுவது மாண்பு. அதற்கும் பழைய கதை உண்டு. 'மனைத்தக்க மாண்புடையள்' என்ற குறளில் அது குணத்தால் வரும் சிறப்பு. 'மாண்புமிகு அமைச்சர்' என்னும்போது ரோமானியரின் பதவிப் பெருமையேதான். ஆனாலும் 'மனித' என்ற அடையோடு சேரும்போது பதவியும் குணமும் உதிர்ந்து, பிறப்போடு வந்த உயர்வு என்ற பொருள் தங்குகிறது. என் தேர்வு இதுதான்.

2018 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம், மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த நிபந்தனைகளோடு அனுமதித்த தீர்ப்பை 'கண்ணியமாக இறக்கும் உரிமை' என்று எழுதுவதில் தவறில்லை. வலியும் குழாய்களும் இல்லாமல் போகும் விதத்தை அது சொல்கிறது. அங்கே 'மாண்பு' என்று போட்டால், குழாயோடு படுத்திருப்பவர் மாண்பை இழந்துவிட்டார் என்றாகிவிடும். மும்பையில் தாக்குதலுக்கு உள்ளாகி 1973 முதல் 2015இல் இறக்கும்வரை மருத்துவமனையிலேயே நினைவிழந்து கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கைக் கருணைக்கொலை செய்ய வேண்டாம் என்று மறுத்து, கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அப்படி நினைக்கவில்லை.